முழங்கால் உயரத்தில் மாட்டிய படங்கள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்தை வாசிப்பது சிரமம். கம்பத்துப் பக்கம் நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு பேனாவைப் பிடித்ததைவிட விறகைப் பிடித்ததுதான் அதிகம். எந்தச் சொல்லுக்குப் பெரிய ற, எதற்குச் சின்ன ர என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. எங்கள் வாசகசாலைப் பையன்கள் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தைக்கிறார்கள். "உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளைப் பத்தி எழுதுங்கண்ணே" என்று மூன்று மாதமாக விடவில்லை. நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். தாளுக்கு முன்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதால் துணிந்தேன். பிழைகளைத் திருத்தி, கையெழுத்து நன்றாயிருக்கிற யாராவது பிரதி எடுத்துக்கொள்ளட்டும்.

நான் சொல்லப் போகிறவரை நாங்கள் எல்லோரும் ரைட்டர் சாமி என்றே கூப்பிட்டோம். அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அவரைக் கேட்காமல் எழுதுவது சரியல்ல. கேட்கவும் இப்போது வழியில்லை.

உடும்பஞ்சோலையைத் தாண்டி, மலை முடிந்து கம்பம் பள்ளத்தாக்கில் செங்குத்தாக இறங்குகிற விளிம்பில் இருந்தது அந்த ஏலத்தோட்டம். இந்த மலை எந்த ராஜ்யத்தோடு சேரும் என்று டீக்கடையில் தினமும் வாய்ச்சண்டை நடந்த வருஷங்கள் அவை. எனக்கு இருபத்தாறு வயது. பறித்த ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்தை ஸ்டோர் என்போம். அதன் அடுப்பு என் பொறுப்பு. சாமி பாலக்காட்டில் பழைய கோயில் தெரு ஒன்றிலிருந்து வந்தவர். தினமும் வேலைக்கு வந்தவர்களின் ஆள்பேர் எழுதுவதும், மேனேஜருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் அவர் வேலை. நாற்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. மேல்சட்டைக்கு மேலே எப்போதும் ஒரு சாம்பல் நிறக் கம்பளி.

அவர் வந்த மூன்றாம் நாள் என்று நினைவு. ஸ்டோர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து இரண்டு கைகள் என் தோளைப் பிடித்தன. திரும்பினால் சாமி. எனக்கு உடம்பு கூசிவிட்டது. அந்தக் காலத்தில் அவரைப்போல ஒருவர் என்னைப் போல ஒருவனைத் தொடுவது சாதாரணம் இல்லை.

"எடோ, அங்கே நின்னா ஒண்ணும் தெரியாதாக்கும். இங்கே வா. ரெண்டடி. இன்னும் செத்த இடது பக்கம். ஆ, நில்லு. இப்போ பாரு."

பார்த்தேன். இரண்டு பலா மரங்களுக்கு நடுவில் மூடுபனி பிளந்திருந்தது. அதற்குள் வெகு ஆழத்தில் ஒரு குளம் மட்டும் வெயிலில் கிடந்தது. குளத்தைச் சுற்றி ஊர் இல்லை, வயல் இல்லை, தரையே இல்லை. ஆகாயத்தின் நடுவில் யாரோ ஒரு வெண்கலத் தட்டைக் கழுவி வைத்ததுபோல இருந்தது. பத்து வருஷமாக அதே வாசலில் விறகு பிளக்கிறேன். அதுவரை அந்தக் குளத்தைப் பார்த்ததில்லை.

"மனசிலாச்சா?" என்றார். "பொருள் எல்லா இடத்திலேயும் இருக்கு. நாம நிக்கற இடம்தான் தப்பு."

உள்ளே காய் பொறுக்குகிற பெண்களுக்குத் தலைவியான பேச்சியக்கா வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்தாள். "ஏப்பா, சாமி தொட்டுட்டாரே, யாரு குளிக்கணும்? நீயா, அவரா?"

சாமி சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் வேண்டாம். இந்தக் குளிர்லே யாருக்கு முடியும்?"

அதுதான் சாமி. யாரைக் கண்டாலும், எதைக் கண்டாலும், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்ற யோசனை. மேனேஜரைக்கூட ஒரு தரம் முழங்கையைப் பிடித்து ஒரு மேட்டில் ஏற்றிவிட்டார். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பேச்சியக்கா மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது, மாப்பிள்ளை வீட்டாரை "வெளிச்சம் பொண்ணு முகத்துலே விழட்டும்" என்று மூன்றடி தள்ளி உட்காரச் சொன்னார். சம்பந்திகள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் தள்ளி உட்கார்ந்த பிறகு அவர்களே பெண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. சித்திரக் கண்காட்சி ஒன்று வைக்க வேண்டும். வாலிபத்தில் ஏதோ ஒரு ஊர் மண்டபத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தாராம். "நூறு படம் இருந்தது, எடோ. எல்லாம் தலைக்கு மேலே. பாத்தவா அத்தனை பேருக்கும் கழுத்து நொந்தது. எனக்கு அண்ணிக்கே தோணித்து. படம் வரைய எனக்கு வராது. ஆனா வைக்கத் தெரியும்."

பத்து மணி டீயின்போது அடுப்பு வாயில் கையைக் காட்டியபடி ஒவ்வொரு நாளும் ஒரு யோசனை சொல்வார். நான் பேசமாட்டேன். கேட்பேன். அவருக்கு அது போதும்.

ஒரு நாள், படங்களைச் சுவரிலேயே மாட்டக் கூடாது என்றார். லயத்திலிருந்து ஸ்டோருக்கு வருகிற பாதையில் மரத்துக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும். காலையில் மூடுபனிக்குள் நடந்து வருகிறவர்களுக்கு ஒரு படம் தெரியும். அதைத் தாண்டிப் பத்தடி வந்தால்தான் அடுத்தது பனியிலிருந்து வெளியே வரும். பனியே திரையைத் தூக்கும், பனியே மூடும். இன்னொரு நாள், மழைக்குப் பெண்கள் தலையில் போடுகிற கொங்காணியின் முதுகுப்புறத்தில் ஆளுக்கொரு படம் தைக்கலாம் என்றார். அவர்கள் வரிசையாகச் சரிவில் ஏறும்போது கண்காட்சியே மலை ஏறும்; பார்க்கிறவன் கீழே ஓரிடத்தில் நின்றால் போதும். மற்றொரு நாள், ஒரு நாளைக்கு ஒரே படம், அதுவும் மத்தியானம் வரைதான் என்றார். "மத்தியானத்துக்கு மேலே காலிச் சுவர். காலையிலே பாத்தது அங்கே இருக்கான்னு ஜனங்க தேடணுமாக்கும்."

"காட்டுப்பன்னிதான் வந்து தேடும்" என்பாள் பேச்சியக்கா.

"வரட்டுமே. பன்னிக்கு எவ்வளவு உயரத்துலே மாட்டணும்னு யோசிக்கணும்."

விளையாட்டாகச் சொன்ன அந்தப் பதில் அவருக்குள்ளேயே போய் வேலை செய்தது. இரண்டு நாள் கழித்து ஓடி வந்தார். "எடோ, கிட்டிடுத்து! ஏலக்காய் எங்கே காய்க்கறது?"

"தரையிலங்க சாமி. தூரைச் சுத்திச் சரம் படரும்ல."

"பறிக்கறவா எப்படி இருப்பா?"

"குத்தவைச்சுத்தான். நாள் பூரா."

"அதாக்கும்! இந்த மலையிலே இருக்கற ஸ்திரீகள் லோகத்தைக் குந்திண்டு பாக்கறவா. அவாளுக்கு எதுக்குத் தலைக்கு மேலே படம்? முழங்கால் உயரம். சுவரோட ஒரே வரிசை. குந்திண்டு ஒண்ணொண்ணா நகரலாம். மேனேஜர் வந்தாலும் குந்தட்டும்!"

எனக்கு அவரிடம் மிகுந்த பிரியம் உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது பொய்யாகிவிடும். ஒரு ஆடி மாதத்தில் காற்று எங்கள் லயத்தின் மூலையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மழையில் நாங்கள் பானை, பாய் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருந்தோம். சாமி மேட்டில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கையை ஆட்டினார். "எடோ, இங்கே வந்து பாரு! கூரை இல்லாத வீட்டுக்குள்ளே மழை இறங்கறது எவ்வளவு அழகா…"

என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அது என் அறை.

அன்று சாயங்காலம் அவருடைய சாம்பல் கம்பளி என் வாசலில் மடித்து வைத்திருந்தது. மறு வாரம் நான்தான் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இனி படங்களைப் பற்றி. வைக்கத் தெரிந்தவருக்குப் படம் எங்கிருந்து வந்தது? வியாழக்கிழமைத் தபாலில் வந்தது.

அவர் மனைவி பாலக்காட்டு வீட்டிலேயே இருந்தார். சாமியின் தாயார் படுக்கையில் இருந்ததால் முதலில் வர முடியவில்லை. தாயார் இறந்ததும் சாமி போய்ப் பதின்மூன்று நாள் காரியத்தை முடித்துவிட்டு வந்தார். அதன் பிறகும் அந்த அம்மாள் வரவில்லை. இவரும் போய் இருக்கவில்லை. வாரம் ஒரு கவர் மட்டும் தவறாமல் வந்தது. அதற்குள் எழுத்து இருக்காது. மளிகைக் கடைப் பழுப்புத் தாளில் ஒரு படம் இருக்கும்.

"கடுதாசி இல்லையாங்க சாமி?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"அவளுக்கு எழுத்து நன்னா வரும். ஆனா எழுதமாட்டா. இதாக்கும் அவளோட கடுதாசி" என்று சொல்லிக்கொண்டே தாளைச் சுவரில் வைத்துப் பார்த்தார். தள்ளி நின்றார். கிட்டே வந்தார். "இது ஜன்னல் பக்கம்."

விளக்குக் கரியைக் குழைத்த கறுப்பு, ஏதோ இலைச்சாற்றுப் பச்சை, இவை இரண்டும்தான். ஆனால் எப்படிப்பட்ட படங்கள்! தண்ணீர் வற்றிய ஆற்றில் கற்கள். தேர் போன பிறகு தெருவில் கிடக்கிற வடம். ஓட்டு ஓட்டை வழியாகக் கூடத்தில் இறங்குகிற மழை. தூணில் சாய்ந்த ஒரு காலி நாற்காலி. சாமி என்னை நிறுத்துகிற இடத்தில் நின்று பார்ப்பேன். அந்த ஆற்றங்கரையில் என் கால் நனைவதுபோல இருக்கும். அன்று முழுக்க அடுப்பின் முன்னால் கனவில் இருப்பவன்போல விறகு தள்ளுவேன்.

டிரங்குப் பெட்டியில் நாற்பது படம் சேர்ந்தபோது சாமி மனைவிக்குக் கடிதம் எழுதினார். எல்லாவற்றையும் மாட்டப் போகிறேன், வந்து பார் என்று. பதில் வந்தது. அந்தத் தடவை படம் இல்லை, எழுத்துதான். என்னிடம் காட்டினார். ஒரே வரி. 'வருகிறேன். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.'

அவர் அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பாத்துட்டு அவ திரும்பாம இருக்கணும், எடோ. இங்கேயே இருக்கணும்னு அவளுக்குத் தோணணும். அப்படி வைக்கணும் இந்தக் கண்காட்சியை. இல்லேன்னா இனிமே அவ இந்த மலை ஏறமாட்டா."

மேனேஜரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஸ்டோரைக் கேட்டு வாங்கினார். வைகாசி முடிகிற சமயம். காய் வர இரண்டு மாதம் இருந்ததால் கட்டடம் காலி. தரையைச் சாணம் போட்டு மெழுகினோம். முழங்கால் உயரத்தில் மூன்று சுவரையும் சுற்றிக் கயிறு கட்டினோம். மூங்கில் சிம்பைப் பிளந்து கவ்விகள் செய்தேன். சாமி குந்தியபடியே வரிசையை அளந்தார், மாற்றினார், மறுபடி அளந்தார்.

"ஓரத்திலே கறை இருக்கு, கண்டியா?" என்றார். எல்லாப் படத்திலும் ஏதாவதொரு மூலையில் மங்கலாக ஒரு மஞ்சள் தீற்றல். பழுப்புத் தாளில் பழுப்பாகவே தெரிந்தது. "அடுக்களையிலே வச்சுப் போடறா. மஞ்சள் பட்டிருக்கு. வந்து வெட்டிக்கலாம்." வெள்ளிக்கிழமை காலை, மனைவியை ரயிலில் எதிர்கொண்டு அழைத்துவரப் போடிக்கு இறங்கிப் போனார். போகும்போது சாவியை என் கையில் வைத்தார். "ஈரம் ஏறாம பாத்துக்கோ. உன்னை நம்பித்தான் போறேன்."

அன்றைக்கே மழை பிடித்தது. சனிக்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்தால் தாளெல்லாம் ஊறிய அப்பளம்போல நமுத்திருந்தது. இரண்டு மூன்றில் பூஞ்சை. எனக்கு உயிர் போய் வந்தது. உலர்த்தத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. ஏலக்காயைப் பரப்புகிற கம்பிவலைத் தட்டுகளில் நாற்பதையும் பரப்பினேன். அடுப்பில் இளம் தீ போட்டேன். பிறகு ஒரு பயம் வந்தது. சூட்டில் இலைப்பச்சை செத்துவிட்டால்?

பச்சையைக் காப்பாற்ற எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. காயை உலர்த்துவதற்கு முன்னால் சோடாக்காரம் கரைத்த தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுப்போம். அப்போதுதான் நிறம் நிற்கும்; நிறம் போன காயை வண்டன்மேட்டு ஏலத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பத்து வருஷம் இந்தக் கையால் செய்த வேலை அது. சோடாத் தண்ணீரில் துணியை நனைத்து, பிழிந்து, கறுப்பு பரவாதபடி ஒவ்வொரு தாளின் மேலும் இலேசாக உதறினேன். உலர்த்தும்போது வெளிச்சம் படக் கூடாது என்பதும் வழக்கம். ஜன்னல் பலகைகளை அடைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதி இருந்தது.

ஞாயிறு விடிந்ததும் பலகைகளைத் திறந்தேன். தாள்கள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. பச்சை பச்சையாகவே இருந்தது. ஆனால் நாற்பது படத்திலும், ஏதோ ஒரு மூலையில், சிவப்பு.

கூட்ட வந்த பேச்சியக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அடி ஆத்தி! மஞ்சளும் காரமும் சேந்தா ஆரத்தி ஆகும்னு தெரியாத ஆம்பளையும் உண்டா? வாசல்ல ஒரு கல்யாணம்கூடப் பாத்ததில்லையா நீ?"

கம்பத்துக்கு ஓடிவிடலாமா என்று நினைத்தேன். பத்து மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். "மாட்டு" என்றாள் அக்கா. "மாட்டாம வச்சா மட்டும் சரியாயிருமா?" இருவரும் குந்தி உட்கார்ந்து கவ்வத் தொடங்கினோம். நாலைந்து மாட்டியதும் அக்காவின் கை நின்றது.

"ஏப்பா, இது சிந்துன மஞ்சளில்லப்பா. பொம்பள."

கிட்டே போய்ப் பார்த்தேன். விரல் நுனியால் ஒரு புள்ளி. அதன் கீழே ஒரு இழுப்பு. தலையும் சேலையும். வற்றிய ஆற்றில் அக்கரைப் படியில் தனியாக ஒரு சிவப்பு உருவம். தேர் வடம் கிடக்கிற தெருவில் ஒரு ஜன்னலுக்குள்ளே. ஒழுகுகிற கூடத்தில், பாத்திரத்தை ஏந்திக்கொண்டு. காலி நாற்காலிக்குப் பின்னால், தூணுக்கு அப்பால். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் அவள் நின்றுகொண்டிருந்தாள். இத்தனை மாதம் சாமி நிறுத்திய இடத்தில் நின்று நின்று பார்த்த நான் ஒருநாள்கூட அவளைப் பார்க்கவில்லை.

அவர்கள் வந்தபோது லயத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அந்த அம்மாள் குள்ளமாக, ஒல்லியாக இருந்தார். மடிசாருக்கு மேலே சாமியின் சாம்பல் கம்பளி. கையில் ஒரு துணிப்பை. மலைப் பாதையில் வயிற்றைப் புரட்டிய களைப்பு முகத்தில் தெரிந்தது. சாமி உற்சாகமாக அவருடைய தோளைப் பிடித்தார். "இங்கே நில்லு. இல்லை, இங்கே." பிறகுதான் அவர் கண்ணில் சிவப்பு பட்டது.

"எடோ… என்ன இது?"

நாலு பேர் எதிரில் பேசாதவன் அன்று இருபது பேர் எதிரில் பேசினேன். "நான்தாங்க சாமி. பச்சை போயிரக் கூடாதுன்னு சோடாத் தண்ணி தெளிச்சேன். காய்க்குச் செய்யற மாதிரி. தப்பு என்னுதுங்க."

சாமி சட்டென்று மனைவி பக்கம் திரும்பி அவசர அவசரமாகச் சொன்னார். "கறையாக்கும். ஓரத்திலே கறை இருந்தது. நான் வெட்டிட்டு மாட்டறதாத்தான் இருந்தேன். இவன் தெரியாம…"

"கறையா?" என்றார் அந்த அம்மாள்.

அந்த ஒரு சொல்தான். கோபமாகக்கூட இல்லை.

கீழேயிருந்து பேச்சியக்கா மெல்லச் சொன்னாள். "சாமி, அது கறையில்ல. இந்தா நிக்கிறாகளே, இவுகதான். குந்திப் பாருங்க, தெரியும்."

சாமி குந்தினார். முதல் படம் ஒழுகுகிற கூடம். வெகு நேரம் பார்த்தார். அவரை அப்படிப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. எங்கே இருந்து பார்ப்பது என்று தெரியாத ஒருவர்போலத் தலையை அங்கேயும் இங்கேயும் சாய்த்தார்.

"இது எப்போ?"

"போன ஐப்பசி." அம்மாளும் பக்கத்தில் குந்தினார். "மூணு ஓடு உடைஞ்சு கூடம் முழுக்க ஜலம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இறைச்சேன். அதான் எழுதினேனே."

"எப்போ எழுதினே?"

அம்மாள் படத்தைச் சுட்டினார்.

"விரல்லே மஞ்சள் இருக்கும், குளிச்சுட்டு வந்து போடறச்சே" என்றார். "நான் நிக்கற இடத்துலே ஒரு தொடல். மெனக்கெட்டுப் போட்டதில்லே. பாத்தா உங்களுக்குத் தெரியும்னு இருந்தேன். வாராவாரம் பதில் வரும். 'இதை ஜன்னல் பக்கம் வைக்கலாம், அதைத் தனியா வைக்கலாம்'னு. ஓடு மாத்தினேனான்னு ஒரு தடவை கேட்டேளா?"

பேச்சியக்கா எழுந்து மற்றப் பெண்களைக் கண்ணாலேயே கிளப்பினாள். அவர்கள் சத்தமில்லாமல் வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றுகொண்டார்கள். நான் அடுப்புப் பக்கம் போனேன். அங்கேயிருந்தும் காது கேட்டது, கேட்காமலிருக்க முடியவில்லை.

"ஓடு மாத்திடலாம்" என்றார் சாமி.

"மாத்தியாச்சு. நானே ஆள் விட்டு மாத்தினேன்." குந்தியபடியே அடுத்த படத்துக்கு நகர்ந்தார். "இது அம்மாவோட நாற்காலி. யாருக்காவது கொடுக்கலாமான்னு கேட்டிருந்தேன்."

"கொடுக்க வேண்டாம்."

"சரி. இது தேரன்னிக்கு. வீட்டுக்குள்ளேயே இருந்தேன். தனியா வாசல்லே நிக்கப் பிடிக்கலை."

சாமி "ம்" என்றார். அவர்கள் நகர்ந்தார்கள். ஒரு சுவர் முடிந்தது. சில படங்களுக்கு ஒரு சொல் போதுமாயிருந்தது. சிலவற்றின் முன்னால் கால் மணி நேரம். ஒன்றில் இருவரும் சிரித்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியாது. ஒன்றில் சாமி, மனைவி மேலிருந்த கம்பளியின் முனையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா கறுப்புக் காப்பி கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள். அது அப்படியே ஆறிப்போயிற்று. மழை நின்று, பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து தரையோடு படர்ந்தது. முழங்கால் உயரத்தில் படங்களும், அதற்குக் கீழே பனியும், நடுவே குந்தியிருந்த இரண்டு பேருமாக அந்த அறை எங்கேயோ மிதந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் அவர் சொன்ன யோசனை எதிலும் இப்படி ஒரு கண்காட்சி இல்லை.

நாலு மணி இருக்கும். நாற்பதும் முடிந்தது. அந்த அம்மாள் துணிப்பையிலிருந்து சுருட்டிய ஒரு தாளை எடுத்து என்னை நோக்கி நீட்டினார். "இதையும் கடைசியிலே மாட்டிடுப்பா."

கவ்வி மாட்டினேன். வீட்டு வாசல். சாத்திய கதவு. கதவில் ஒரு பூட்டு. இரண்டு பக்கமும் காலித் தெரு.

சாமி குனிந்து தேடினார். மூலை மூலையாக, தாளில் மூக்குப் படுகிற அளவுக்குத் தேடினார். "இதிலே நீ எங்கே? காணலையே."

"பூட்டினவ வெளியிலேதானே நிப்பா" என்றார் அந்த அம்மாள். "முந்தாநாள் கிளம்பறச்சே தெருவிலே நின்னு போட்டது." மடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "பாத்துட்டுத் திரும்பிடுவேன்னு எழுதியிருந்தேன். அதுக்கு மாத்தமில்லை. ஆனா தனியாப் போய்த் திறக்க இந்தத் தடவை எனக்கு மனசில்லே. இது ஒண்ணுக்காவது வாயால பதில் சொல்லுங்கோ."

இங்கே இரு என்று அவர் சொல்வார் என்று நினைத்தேன். அதற்காகத்தானே இத்தனையும். அவர் மூன்று சுவரையும் ஒருமுறை பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்தார். காலையிலிருந்து குந்தியிருந்ததால் கால் மரத்துப்போயிருந்தது; முடியவில்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"நான் வந்து திறக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் இருவரும் இறங்கிப் போனார்கள். மேனேஜர் பத்து நாள் லீவு என்று குறித்துக்கொண்டார். பத்து நாளும் போயிற்று, ஆவணியும் வந்தது. ஸ்டோருக்கு முதல் காய் வந்த வாரம் வேறொரு ரைட்டர் வேலைக்குச் சேர்ந்தார்.

எழுதி முடித்தது: கார்த்திகை பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை.